தொலைவு எனும் நிர்வாகக் கட்டமைப்பு: மேற்பழனிமலைக் கூக்கால் ஊரின் நிலவியலும் ஆட்சி வரலாறும்

ஆய்வுச்சுருக்கம்

திண்டுக்கல் மாவட்டம் கொடைக்கானல் வட்டத்தின் மேற்கு விளிம்பில் அமைந்துள்ள கூக்கால், இன்று 'தொலைதூர மலைக்கிராமம்' என்றே அரசு ஆவணங்களிலும் பொதுப்பேச்சிலும் சுட்டப்படுகிறது. இத்தொலைவு இயற்கை தந்தது மட்டுமன்று. கடந்த இரு நூற்றாண்டுகளில் வரையப்பட்ட நிர்வாக எல்லைகளும், போடப்பட்ட சாலைகளும், நிலத்திற்குச் சூட்டப்பட்ட வகைப்பெயர்களும் அதனை உருவாக்கின என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. ஆட்சி வரலாற்றை அறிவது மலைவாழ் மக்களின் நில உரிமைக்குச் சான்று தேடும் பணியாகவும் அமைகிறது என்பது கட்டுரையின் முடிவு.

திறவுச்சொற்கள்: கூக்கால், மேற்பழனிமலை, குன்னுவர், கொடைக்கானல் வட்டம், நிர்வாக எல்லை, வன உரிமை, குண்டுப்பட்டி.

முன்னுரை

பழனிமலைத் தொடர் பற்றிய தமிழ் ஆய்வுகள் பெரும்பாலும் இரு முனைகளில் குவிந்துள்ளன. ஒன்று, ஆவியர்குடியின் பொதினியையும் பேகனையும் கடியநெடுவேட்டுவனின் கோடைமலையையும் பற்றிய சங்க இலக்கிய ஆய்வு. மற்றொன்று, கொடைக்கானல் எனும் கோடைவாழிட நகரத்தின் வரலாறு. இவ்விரண்டிற்கும் இடையே, இன்றும் உழுது பயிரிட்டு வாழும் மேல்மலை ஊர்களின் ஆட்சி வரலாறு போதிய கவனம் பெறவில்லை. பூம்பாறை, கூக்கால், மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி, கிளாவரை, போளூர் ஆகிய ஊர்கள் கொடைக்கானல் வரலாற்றின் பின்புலமாகவே பேசப்பட்டு வந்துள்ளன.

இவ்வூர்களுள் கூக்காலை மையமாகக் கொண்டு, நிலவமைப்பு, குடியேற்றம், ஆட்சிப் பிரிவுகளின் மாற்றம், வனச்சட்டங்களின் விளைவு ஆகியவற்றைக் காலமுறைப்படி இக்கட்டுரை ஆராய்கிறது. ஆங்கிலேயர் கால மாவட்டக் கையேடுகளும் அரசிதழ்களும், விடுதலைக்குப் பிந்தைய சட்டங்களும் அறிக்கைகளும் இதற்கு அடிப்படைகளாகின்றன.

1. நிலவமைப்பும் நீரோட்டமும்

மேற்குத்தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கு நோக்கிப் பிரிந்து நீளும் பழனிமலைத் தொடர், ஏறத்தாழ 65 கி.மீ. நீளமும் 40 கி.மீ. அகலமும் உடையது. கிழக்கிலுள்ள கீழ்ப்பழனிமலை, மேற்கிலுள்ள மேற்பழனிமலை என இதனை இரண்டாகப் பகுப்பது மரபு. தாண்டிக்குடி, பண்ணைக்காடு முதலிய ஊர்களைக் கொண்ட கீழ்மலை காப்பி, வாழை, ஆரஞ்சு ஆகியவற்றின் நிலம். மேல்மலை புல்வெளியும் சோலைக்காடும் மாறி மாறி அமைந்த குளிர்ந்த பீடபூமி, தொடரின் மிக உயர்ந்த கொடுமுடியான வந்தரவு (2,533 மீ.) இப்பகுதியில்தான் உள்ளது.

கொடைக்கானல் நகரிலிருந்து பூம்பாறை வழியாகச் சுமார் 40 கி.மீ. சாலைத் தொலைவில், இப்பீடபூமி முடிந்து சரியத் தொடங்கும் இடத்தை ஒட்டிக் கூக்கால் அமைந்துள்ளது. ஊரை அடுத்து ஏரியும் சோலைக்காடும், சரிவுகளில் படிக்கட்டு வயல்களும் உள்ளன. வெள்ளைப்பூண்டு, உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ் ஆகியவை இன்றைய முதன்மைப் பயிர்கள். விளிம்பிற்கு அப்பால் நிலம் செங்குத்தாக இறங்கி மஞ்சம்பட்டிப் பள்ளத்தாக்கின் மழைமறைவு முட்காடாக மாறுகிறது. சில மணிநேர நடையில் கடக்கக்கூடிய தொலைவிற்குள் குளிர்ச்சோலையும் வறண்ட முட்காடும் எதிரெதிராக நிற்பது இப்பகுதியின் தனித்தன்மையாகும்.

நீரோட்டத் திசை இங்குக் கருதத்தக்கது. மேல்மலையின் வடமேற்குச் சரிவின் ஓடைகள் தேனாற்றின் வழியாக அமராவதியையும், அதன்வழி காவிரியையும் அடைகின்றன. தென்சரிவின் நீரோ வைகைப் படுகைக்குச் செல்கிறது. எனவே இயற்கையின் கணக்கில் கூக்கால் உடுமலைப்பேட்டைச் சமவெளியை நோக்கிய ஊர். நிர்வாகத்தின் கணக்கில் அது எதிர்த்திசையில் உள்ள கொடைக்கானலையும் திண்டுக்கல்லையும் நோக்கித் திருப்பப்பட்டது. இம்முரண்பாடே இவ்வூரின் ஆட்சி வரலாற்றைப் புரிந்துகொள்வதற்கான திறவுகோல்.

2. குடியேற்றமும் ஊர் மரபும்

பழனிமலையில் மனித வாழ்வு மிகத் தொன்மையானது. ஆங்லாட், நியூட்டன் எனும் இரு பாதிரியார்கள் இம்மலையின் கற்திட்டைகளைத் தொகுத்து ஆராய்ந்த நூல், இந்தியத் தொல்லியல் துறையின் நினைவேடுகள் வரிசையில் 36ஆம் எண்ணாக 1928இல் வெளிவந்தது. தாண்டிக்குடியில் பேராசிரியர் கா. ராஜன் மேற்கொண்ட அகழாய்வும் மலைப்பகுதியின் பெருங்கற்காலப் பண்பாட்டை உறுதிப்படுத்தியது. மலை என்பது சமவெளியின் வெறும் ஓரமன்று. தனக்கெனப் பொருளியலும் ஈமச்சடங்கு மரபும் கொண்ட வாழிடம் என்பதை இவ்வாய்வுகள் காட்டின.

மேல்மலையின் இன்றைய ஊர்களில் பெரும்பான்மையான உழுகுடியினர் குன்னுவர். பல நூற்றாண்டுகளுக்கு முன் கொங்குப் பகுதியிலிருந்து பஞ்சத்தாலும் போராலும் மலையேறியவர்கள் தாங்கள் என்பது அவர்களது வழக்கு. நெல்சனின் மதுரை நாட்டுக் கையேடு (1868), பிரான்சிசின் மதுரை அரசிதழ் (1906) ஆகியன குன்னுவரைப் பற்றி விரிவாகப் பேசுகின்றன. அவர்களுக்கு முன்பே மலையில் இருந்தோர் பளியரும் புலையரும் ஆவர். குடியேற்ற வழக்கு ஒருபுறம் குன்னுவரின் தோற்றத்தைச் சொல்ல, மறுபுறம் முன்குடிகளின் நிலம் எவ்வாறு கைமாறியது என்ற வினாவையும் எழுப்புகிறது. உழுகுடியினரின் வயல்களில் புலையர் தலைமுறைகளாக உழைத்து வந்ததைக் காலனியப் பதிவுகளே காட்டுகின்றன.

ஊர் நிர்வாகத்தில் மன்னாடி, மந்திரி, பெரியதனம் முதலிய பொறுப்புகள் மரபாக இருந்து வந்துள்ளன. இதே போன்ற அமைப்பு எல்லைக்கு அப்பால் வட்டவடையிலும், மறையூர், காந்தளூர் முதலிய ஊர்களைக் கொண்ட அஞ்சுநாட்டிலும் உண்டு. அங்கு வாழும் தமிழ்க்குடிகளும் தாங்கள் சமவெளியிலிருந்து மலையேறியதாகவே கூறுகின்றனர். தமிழக அரசின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் 'குன்னுவர் மன்னாடி' என்ற பெயர் இடம்பெற்றிருப்பது, ஒரு பதவிப்பெயர் குடிப்பெயரோடு ஒன்றிவிட்டதைக் காட்டுகிறது.

ஜேம்ஸ் ஸ்காட் தமது 2009ஆம் ஆண்டு நூலில், தென்கிழக்காசிய மலைமக்கள் சமவெளி அரசுகளின் வரி, போர், கட்டாய உழைப்பு ஆகியவற்றிலிருந்து விலகி மேலே சென்றவர்கள் என்ற கருத்தை முன்வைத்தார். குன்னுவர் வழக்கு இதனோடு ஓரளவு பொருந்துகிறது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. ஸ்காட் காட்டும் மலைமக்கள் அரசுக்கு எட்டாத வகையில் இடம்பெயர் வேளாண்மையை நாடினர். மேற்பழனிமலையிலோ நிலைத்த ஊரும், படிக்கட்டு வயலும், பதவி அடுக்கும் தோன்றின. அரசிலிருந்து விலகியோர் சமவெளியின் ஊரமைப்பையும் உடன் எடுத்துச் சென்றனர்.

3. பாளையத்திலிருந்து மாவட்டத்திற்கு

நாயக்கர் ஆட்சியில் திண்டுக்கல் சீமை பாளையங்களாகப் பகுக்கப்பட்டிருந்தது. மலையடிவாரத்தில் இருந்த பழனி, ஆயக்குடி, விருப்பாட்சி முதலிய பாளையங்களின் செல்வாக்கு மலைமேலும் பரவியிருந்தது. பாளையக்காரரின் அதிகாரம் மலையடிவாரத்திலிருந்து மேல்நோக்கிச் சென்றது என்பது கவனிக்கத்தக்கது. வடக்கு, மேற்குச் சரிவுகளின் ஒற்றையடிப் பாதைகளே அன்று வரியும் பொருளும் சென்ற வழிகள்.

1755இல் திண்டுக்கல்லின் பௌஜ்தாராகப் பொறுப்பேற்ற ஐதர் அலியின் காலம் முதல் இச்சீமை மைசூர் அரசின் கீழ் இருந்தது. 1790இல் கும்பினிப் படை திண்டுக்கல் கோட்டையைக் கைப்பற்றியது. 1792ஆம் ஆண்டு சீரங்கப்பட்டண உடன்படிக்கை அதனை உறுதிசெய்தது. 1801இல் விருப்பாட்சி கோபால் நாயக்கரின் கிளர்ச்சி அடக்கப்பட்டு அவர் தூக்கிலிடப்பட்டதோடு, மலையடிவாரப் பாளையங்களின் அரசியல் ஆற்றல் ஒடுங்கியது. இதன்பின் மலையூர்கள் மதுரைக் கலெக்டரின் ஆட்சிக்குள் வந்தன.

இம்மாற்றத்தின் முதல் நிலவியல் விளைவு நிலஅளவை ஆகும். 1821இல் லெப்டினன்ட் வார்டு, குன்னுவர் ஊரான வெள்ளகவியைத் தளமாகக் கொண்டு மேற்பழனிமலையை அளந்தார். கொடைக்கானல் எனும் நகரம் தோன்றுவதற்கு 24 ஆண்டுகளுக்கு முன்பே மலையின் அளவை ஓர் ஊரிலிருந்து தொடங்கியது என்பது நினைவில் கொள்ளத்தக்கது. நிலஅளவையாளருக்கு இடமும் வழியும் உணவும் தந்தது இவ்வூர்களின் நிலைத்த வாழ்வே. 1836இல் தாவரவியலாளர் இராபர்ட் வைட் வருகை தந்தார். 1860களின் தொடக்கத்தில் டக்ளஸ் ஹாமில்டன் எனும் படை அதிகாரி மேல்மலையை விரிவாக ஆராய்ந்தார். பேரிஜம் அருகே அவர் பெயரால் அமைந்த 'ஹாமில்டன் கோட்டை' இன்றும் வரைபடங்களில் உள்ளது.

4. கொடைக்கானல் எனும் புதிய மையம்

1845இல் மதுரையிலிருந்த அமெரிக்க மறைப்பணியாளர்கள் கொடைக்கானலில் முதல் இரு இல்லங்களைக் கட்டினர். மதுரைக் கலெக்டராக இருந்த வேர் ஹென்றி லெவிஞ்ச் 1863இல் ஏரியை அமைத்தார். 1899இல் நகராட்சி உருவானது. 1901ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது அந்நகரின் மக்கள்தொகை 1,912 மட்டுமே. ஆயினும் 1908இல் வெளிவந்த இம்பீரியல் கெசட்டியர், மலை முழுவதையும் அந்நகரின் பெயரால் அமைந்த ஒரு வட்டமாகவே காட்டுகிறது. பல நூற்றாண்டுப் பழமையுடைய ஊர்கள், அரை நூற்றாண்டுப் பழமையுடைய ஒரு கோடைவாழிடத்தின் உட்பகுதிகளாயின.

சாலைகளும் இதே திசையில் அமைந்தன. 1875இல் தென்னிந்திய இருப்புப்பாதை மதுரையை எட்டியபின், அம்மையநாயக்கனூர் நிலையம் 'கொடைக்கானல் ரோடு' எனப் பெயர்பெற்றது. பெரியகுளம் வழியாக இருந்த குதிரைப்பாதையின் இடத்தை, 1910களில் நிறைவுற்ற மலைச்சாலை பிடித்தது. கிழக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் நகரை அடையும் வழிகள் விரிந்தன. மேற்குச் சரிவின் பழைய நடைவழிகள் அரசின் முதலீட்டைப் பெறவில்லை. உடுமலைப்பேட்டைச் சமவெளியின் விளிம்பில் இருந்த கூக்கால், கொடைக்கானல் சாலையின் கடைசியில் இருக்கும் ஊராக மாறியது. இடம் மாறவில்லை, அளக்கும் புள்ளி மாறியது.

இதனை நீலகிரியோடு ஒப்பிடுவது பயன்தரும். 1868இல் நீலகிரி, கோயம்புத்தூர் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டு ஓர் ஆணையரின் கீழ் வைக்கப்பட்டது. 1882இல் கலெக்டரைக் கொண்ட தனி மாவட்டமாயிற்று. உதகை மாகாண அரசின் கோடைத் தலைநகராக இருந்ததே இதற்குக் காரணம். பழனிமலையில் அரசு குடியேறவில்லை. மறைப்பணியாளரும் அதிகாரிகளும் ஓய்வு நாடி வந்தனர். ஆகவே நீலகிரி மலை தன் சிக்கல்களைத் தானே பேசும் மாவட்டமாக வளர, பழனிமலை சமவெளி மாவட்டமொன்றின் வட்டமாகவே நின்றது. மேல்மலை ஊர் ஒன்றின் கோரிக்கை, மலையை அறியாத தலைமையிடத்தைச் சென்று சேர வேண்டிய நிலை இதனால் நிலைபெற்றது.

5. 'காடு' எனும் வகைப்பாடு

1882ஆம் ஆண்டு சென்னை வனச்சட்டம் நிலத்தை இரண்டாகப் பிரித்தது: பட்டா நிலமும் அரசு வனமும். மேல்மலை ஊர்களின் வாழ்வோ இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட புல்வெளியைச் சார்ந்தது. மேய்ச்சல், விறகு, கூரைப்புல், தேன், நீர் ஆகிய அனைத்தும் வயலுக்கு வெளியேயுள்ள நிலத்திலிருந்து வந்தன. ஒதுக்குவன அறிவிப்புகள் இந்நிலத்தின்மீது ஊருக்கு இருந்த வழக்காற்று உரிமையைச் சலுகையாக மாற்றின.

விடுதலைக்குப் பின் புல்வெளியே பெரிதும் உருமாறியது. தோல் பதனிடுவதற்கான பட்டையும் காகிதக்கூழும் தேவைப்பட்டதால், சீகை எனப்படும் வாட்டில் மரமும், யூகலிப்டசும், பைனும் விரிவாக நடப்பட்டன. சோலைக்காட்டின் இடையே நீரைத் தேக்கி வைத்திருந்த புல்வெளிகள் சுருங்கின. பைசனின் நூலிலிருந்து கே. எம். மேத்யூவின் பழனிமலைத் தாவர நூல் (1999) வரையிலான பதிவுகளை ஒப்பிட்டு நோக்குவோர், இம்மலையின் தாவர வளத்தையும் அதன்மீது விழுந்த அழுத்தத்தையும் உணரலாம்.

1990இல் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் கட்டுப்பாடுகள் வந்தன. 2013இல் 608.95 சதுர கி.மீ. பரப்புள்ள கொடைக்கானல் வனவுயிரின உய்விடம் அறிவிக்கப்பட்டது. மலையைக் காக்கும் நோக்கில் இவை தேவையானவையே. எனினும் வருவாய்த்துறை, வனத்துறை, ஊரக வளர்ச்சித்துறை ஆகிய மூன்றின் எல்லைகளும் ஒரே ஊரின்மீது ஒன்றன்மேல் ஒன்றாக விழும்போது, ஒரு பாதையைச் சீரமைப்பதற்கும் மூன்று அலுவலகங்களின் இசைவு தேவையாகிறது.

6. எல்லைகளின் நகர்வு

1956 முதல் 2009 வரையிலான காலத்தில் கூக்காலைச் சுற்றி நான்கு எல்லை மாற்றங்கள் நிகழ்ந்தன. 1956ஆம் ஆண்டு மாநில மறுசீரமைப்பில் தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் கேரளத்தோடு சேர்ந்தன. திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரசு இவ்வட்டங்களைக் கோரிப் போராடியது தமிழக அரசியல் வரலாறு நன்கறிந்ததே. அம்முடிவின் மலைமேல் விளைவு குறைவாகவே பேசப்படுகிறது: கிளாவரைக்கும் வட்டவடைக்கும் இடையிலான உறவுநடை ஒரு மாநில எல்லையைக் கடப்பதாயிற்று.

1985 செப்டம்பர் 15இல் மதுரை மாவட்டத்திலிருந்து திண்டுக்கல் மாவட்டம் பிரிந்தது. 1996இல் பெரியகுளத்தை உள்ளடக்கித் தேனி மாவட்டம் உருவானது. 2009இல் உடுமலைப்பேட்டை, கோவையிலிருந்து பிரிந்த திருப்பூர் மாவட்டத்தில் சேர்ந்தது. இதன் விளைவாக மேல்மலையின் மேற்குப்பகுதி, திண்டுக்கல், திருப்பூர், தேனி, கேரளத்தின் இடுக்கி ஆகிய நான்கு மாவட்டங்களின் சந்திப்பு விளிம்பாயிற்று.

வணிகம் இவ்வெல்லைகளைப் பின்பற்றவில்லை. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டின் முதன்மைச் சந்தை, தேனி மாவட்டத்தில் பெரியகுளத்தை அடுத்த வடுகபட்டி. குதிரைப்பாதைக் காலத்தின் பெரியகுளம் தொடர்பு சந்தையில் இன்றும் நீடிக்கிறது. கூக்கால் உழவர் விளைச்சலை ஒரு மாவட்டத்தில் விற்று, பட்டாவிற்கு இன்னொரு மாவட்டத் தலைநகரை நாடுகின்றனர்.

ஊர்நிலை நிர்வாகமும் மாறியது. 1958ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் ஊராட்சி ஒன்றியங்களை உருவாக்கியது. 1980இல் பரம்பரைத் தன்மை வாய்ந்த கர்ணம், மணியம் பதவிகள் ஒழிக்கப்பட்டுக் கிராம நிர்வாக அலுவலர் முறை வந்தது. ஊரின் நிலக்கணக்கு ஊராருள் ஒரு குடும்பத்தின் கையிலிருந்து, மாறுதலுக்குரிய அரசு ஊழியரின் கைக்குச் சென்றது. சாதி மேலாண்மையைத் தளர்த்திய இச்சீர்திருத்தம், வெளியிலிருந்து வரும் அலுவலர் தங்கிப் பணியாற்றத் தயங்கும் மலையூர்களில் அரசின் அன்றாட இருப்பைக் குறைக்கவும் செய்தது.

7. குண்டுப்பட்டி: கணக்கில் வராதோர்

தொலைவின் விலையைக் கூக்கால் ஊராட்சியைச் சேர்ந்த குண்டுப்பட்டி தெளிவாகக் காட்டுகிறது. 1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், இலங்கை மலையகத் தமிழருள் 5,25,000 பேரை இந்தியா ஏற்க வழிசெய்தது. அவ்வாறு வந்தோருள் ஒரு பகுதியினர் கொடைக்கானல் மலையில் சீகைமரப் பட்டை உரிப்பு, மரம் வெட்டு ஆகிய வேலைகளில் ஒப்பந்ததாரர்களிடம் சிக்கிக் கொத்தடிமைகளாயினர். குண்டுப்பட்டி இத்தகைய தாயகம் திரும்பிய தலித் மக்களின் குடியிருப்பு.

அடிப்படை வசதிகள் கிடைக்காத நிலையில், இம்மக்கள் 1998ஆம் ஆண்டு மக்களவைத் தேர்தலைப் புறக்கணிக்க முடிவு செய்தனர். இதனை ஒட்டி அவ்வாண்டு பிப்ரவரி 26இல் காவல்துறையினர் குடியிருப்பிற்குள் புகுந்து மக்களைத் தாக்கி உடைமைகளை அழித்ததை, ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பின் 1999ஆம் ஆண்டு அறிக்கை பதிவு செய்துள்ளது. சாலையும் குடிநீரும் தருவதற்குத் தொலைவாக இருந்த ஊர், தண்டிப்பதற்குத் தொலைவாக இருக்கவில்லை. 'தொலைதூரம்' என்பது நில அளவு மட்டுமன்று, அரசின் எந்தக் கை எந்த வேகத்தில் நீள்கிறது என்பதன் அளவும் ஆகும் என்பதற்கு இந்நிகழ்வு சான்று.

முடிவுரை

கூக்காலின் வரலாற்றில் மூன்று மையமாற்றங்கள் புலப்படுகின்றன. பாளையக் காலத்தில் ஊர் வடமேற்குச் சமவெளியை நோக்கியது. காலனியக் காலத்தில் கொடைக்கானலை நோக்கித் திருப்பப்பட்டது. விடுதலைக்குப் பின் பல மாவட்டங்களும் பல துறைகளும் சந்திக்கும் விளிம்பாயிற்று. ஒவ்வொரு மாற்றத்திலும் ஊர் தன் இடத்திலேயே இருந்தது. அதனைத் தொலைவாக்கிய அளவுகோலே நகர்ந்தது.

இவ்வரலாற்றிற்கு இன்று நடைமுறைப் பயன் ஒன்று உண்டு. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் பழங்குடியினருக்கும், பிற மரபுவழி வனவாசிகளுக்கும் உரிமை வழங்குகிறது. தமிழகத்தில் நீதிமன்ற இடைக்கால ஆணையால் தடைபட்டிருந்த உரிமைச்சான்று வழங்கல், 2016இல் உச்சநீதிமன்றம் அதனை நீக்கியபின்தான் நகரத் தொடங்கியது. பட்டியல் பழங்குடியினரான பளியர் ஒரு வகையில் கோரலாம். அப்பட்டியலில் இல்லாத குன்னுவர் போன்றோர், 2005 டிசம்பர் 13க்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டுகள், வனத்தைச் சார்ந்து வாழ்ந்ததை மெய்ப்பிக்க வேண்டும். 1930க்கு முற்பட்ட நிலஅளவைக் குறிப்பும், அரசிதழும், ஒதுக்குவன அறிவிப்பும் இவர்களுக்கு வெறும் வரலாற்று ஆவணங்களல்ல, உரிமைச் சான்றுகள். காலனிய ஆவணங்களில் மலையூர்ப் பெயர்கள் ஒரே சீரான எழுத்தில் இல்லாமையால், அவற்றைத் தொகுத்து இன்றைய பெயரோடு பொருத்தும் பணி உடனடித் தேவையாகிறது.

குண்டுப்பட்டி மக்களோ இந்த அளவுகோலுக்குள் அடங்கவே இயலாதவர்கள். 1964க்குப் பின் வந்தவர்களிடம் 1930க்கு முற்பட்ட சான்றைச் சட்டம் கேட்கிறது. இரு அரசுகளின் ஒப்பந்தத்தால் இடம்பெயர்க்கப்பட்டோருக்கு, அவ்வொப்பந்தத்தின் வழியாகவே நிலமும் வாழ்வும் உறுதிசெய்யப்பட வேண்டும். வனச்சட்டத்தின் காலவரையறை அதற்கு விடையாகாது. மேற்பழனிமலை ஊர்களின் ஆட்சி வரலாற்றை ஆராய்வோர், பழைய ஊர்களின் தொன்மையை நிறுவும் அதே வேளையில், தொன்மையைச் சான்றாகக் காட்ட இயலாத குடிகளையும் அவ்வரலாற்றின் உறுப்பாகக் கொள்வது இன்றியமையாதது.